காத்தாயி சொல்லாத பேரு

காலை உள்ள இழுத்துக்க. போர்வையைக் கடிக்காத. வெளிய சளசளன்னு மழை, விளையாடவா போகப் போற? படுத்துக்கிட்டுக் கேளு. நடுவுல "ம்" சொல்லணும், சொல்லாட்டி நிறுத்திப்புடுவேன்.

ஒரு தேயிலை மலையில ஒரு லயம், வேலைக்காரங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்க. அந்த லயத்துல கடைசிக் காம்பராவுல, ஒத்த அறையில, அழகிரின்னு ஒரு கெழவரு, அவரு பொண்டாட்டி காத்தாயி. ரெண்டு பேரும் மலையில வேலை செஞ்சு ஓஞ்சவங்க. கலியாணம் கட்டி அம்பது வருசத்துல காத்தாயி ஒரு தடவ கூடப் புருசன் பேரை வாயால சொன்னதில்ல. அப்பல்லாம் பொண்டாட்டி சொல்லக் கூடாது. "இந்தாங்க"ம்பா, அவ்வளவுதான். "ம்" எங்க?

"ம்."

அப்புறம் காத்தாயிக்கு மறதி வந்துச்சு. அடுப்ப மறந்தா. தண்ணிக்குப் போற பாதைய மறந்தா. அப்போ அழகிரி அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. டொக்டரம்மா மூணு கேள்வி கேட்டாங்க.

"இது என்ன மாசம்?"

"மழை மாசம்."

"என்ன வேலை பாத்தீங்க?"

"கொழுந்து எடுத்தேன்."

"வீட்டுக்காரர் பேரு என்ன?"

காத்தாயி தலையக் குனிஞ்சு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுக் க்ளுக்குன்னு சிரிச்சா. டொக்டரம்மா காகிதத்துல "தெரியல"ன்னு எழுதிட்டாங்க. அவ்வளவு படிச்சவங்களுக்கு இது தெரியல பாரு!

அழகிரி பதறிப் போயி, "அவளுக்குத் தெரியும்மா, வெக்கப்படுறா. தேத்தண்ணி குடிச்சா வயசானவங்க மூளைக்கு நல்லதாமே, நெசமா?"ன்னு கேட்டாரு.

"நல்லதுன்னுதான் சொல்றாங்க தாத்தா. ஆனா அது மருந்தில்ல."

அவரு காதுல முன்பாதிதான் விழுந்துச்சு.

அன்னையிலருந்து காலையில, மத்தியானம், பொழுது சாயையில, மூணு வேளையும் தேத்தண்ணி. தண்ணி கொதகொதன்னு கொதிக்கும். சொர்ர்ருன்னு ஊத்துவாரு. அவ உள்ளங்கையில சீனி வப்பாரு. அவ சீனிய நக்கி நக்கி ஒவ்வொரு மொடக்காக் குடிப்பா.

அப்புறம் ஒருநாள் அவ சீனியத் தரையில எறும்புக்குப் போட்டுட்டா. அழகிரிக்குப் பக்குன்னுச்சு. "என் பேரு என்னா, காத்தாயி?" தலையக் குனிஞ்சா, க்ளுக். அப்பாடா, மறக்கல.

அப்புறம் பெத்த மக வந்தா. "யாரு புள்ள நீ?"ன்னு கேட்டா காத்தாயி. மக அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போயிட்டா. அப்பயும் அழகிரி கேட்டாரு, "என் பேரு என்னா?" க்ளுக். என்னைய மறக்கலன்னு நெஞ்சத் தடவிக்கிட்டாரு. பாவம், அந்தச் சிரிப்ப வச்சுத்தான் அந்த மனுசன் சோறு தின்னாரு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ஒரு மத்தியானம், இதே மாதிரி மழை. கையில சீனி வச்சாரு. காத்தாயி அவரை மேலயும் கீழயும் பாத்தா. விருந்தாளிக்குக் குடுக்கற மாதிரி அந்தச் சீனிய அவரு கையிலயே கொட்டுனா.

"நீங்க குடிங்க ஐயா, மழையில வந்திருக்கீங்க. எங்க வீட்டுக்காரரு அழகிரி மலைக்குப் போயிருக்காரு. வழியில பாத்தா, தேத்தண்ணி ஆறுதுன்னு சொல்லுங்க."

"பேரச் சொல்லிட்டாங்க பெரியத்தை! அப்போ நல்லாயிட்டாங்களா?"

இல்லடி கண்ணு. சொல்லக் கூடாதுங்கறதையே மறந்துட்டா. அந்த வெக்கம் ஒன்னுதான் மிச்சமிருந்துச்சு, அதுவும் போயிருச்சு.

அடுத்த மாசம் டொக்டரம்மா திரும்பக் கேட்டாங்க. டக்குன்னு "அழகிரி"ன்னா. "பாத்தீங்களா தாத்தா, இப்ப பேரு சொல்றாங்க!"ன்னு டொக்டரம்மா சந்தோசமாச் சரி போட்டாங்க. கெழவரு வெளிய போயி, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு.

அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்து அடுப்ப மூட்டுனாரு. மூணு வேளையும் ஊத்துனாரு. மூணு வேளையும் அவ கேப்பா, "ஐயா, அழகிரியப் பாத்தீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்காரும்மா. நீ குடி"ம்பாரு.

கோப்பையும் காலி, கதையும் காலி. கண்ண மூடு.