பத்தாம் கேள்விக்கு எத்தனை மதிப்பெண்?

சொத்துச் சட்டத்தில் சந்தேகம் என்றால் எங்கள் பக்கத்து வக்கீல்கள் முதலில் கேட்பது, "ஞானதிரவியம் என்ன எழுதியிருக்கார்?" என்றுதான். பேராசிரியராக முப்பத்திரண்டு வருடம். அவர் நூல் ஏழு பதிப்பு கண்டது. ஒவ்வொரு பதிப்புக்கும் பழைய தீர்ப்புகளை முதலிலிருந்து படிப்பார். அப்பேர்ப்பட்டவரை ஒரு விடைத்தாள் மடக்கிப் போட்டது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

இறுதியாண்டுத் தேர்வு. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் அவர் தயாரித்தவை. பத்தாம் கேள்வி இது: தாய்மாமன் ஒருவர் அக்காள் மகளிடம், "இந்த மனையில் வீடு கட்டிக்கொள்" என்று வாயால் சொல்கிறார். அவள் கட்டுகிறாள், மாமனும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். கூரை போட்டதும், "காலி பண்ணு" என்கிறார். அவள் போக வேண்டுமா?

விடைக்குறிப்பு: "போக வேண்டும். பத்திரம் இல்லாமல் மனை கைமாறாது." அவர் நூலிலும் இதே பதில்தான்.

நானூறு தாள்கள், பெயர் மறைத்து எண் மட்டும் போட்டவை. பல மேசைகளில் திருத்தம் நடந்தது. ஒவ்வொரு தாளையும் இருவர் திருத்துவார்கள். இருவரும் ரொம்ப விலகினால் மட்டும் தாள் பேராசிரியரிடம் போகும். திருத்தி முடிக்கும்வரை விடைக்குறிப்பை மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஒரு தாள் அப்படி வந்தது. "மனை அவளுக்குச் சொந்தமாகாது, சரி. ஆனால் அனுமதி கொடுத்து, நிலையான வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு அவளை வெளியேற்ற முடியாது" என்று மூன்று பக்கம் வாதாடியிருந்தது. அதைத் திருத்திய இருவரில் கதிரேசன் போட்டது பூஜ்யம். வயலட் போட்டது இருபதுக்குப் பதினெட்டு. இந்தக் கேள்வியில் கவிழ்ந்தால் எழுதியவருக்கு ஃபெயில். வக்கீலாக இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"ஆளாளுக்கு இஷ்டம்போலப் போட்டா, விடைக்குறிப்பு எதுக்கு சார்?" என்றார் கதிரேசன்.

"சரியா எழுதின பிள்ளையை ஃபெயிலாக்கவா சார் விடைக்குறிப்பு?" என்றார் வயலட்.

பேராசிரியர் மூன்று முறை படித்தார். தாள் சொன்னதுதான் சட்டம். இத்தனை வருடமாகத் தன் நூலில் அதைக் கோட்டை விட்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கதிரேசன், வயலட், இருவரில் யார் பக்கம் நியாயம்? பேராசிரியர் அந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்க வேண்டும்?

விடை: இருவர் பக்கமும் நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றது கதிரேசனின் நியாயம். அந்த அளவுகோலே கோணல் என்றது வயலட்டின் நியாயம். ஆகவே பேராசிரியர் மதிப்பெண்ணே போடவில்லை. தன் விடைக்குறிப்பை அடித்துத் திருத்தி, "தப்பு என்னுது. நானூறு தாளிலயும் பத்தாம் கேள்வியை மறுபடி திருத்துங்க" என்றார். முடிவு வெளிவர ஒரு வாரம் தாமதமாயிற்று, திட்டு வாங்கிக்கொண்டார். அதே பதிலை எழுதிய இன்னும் ஆறு தாள்கள் அப்போதுதான் கிடைத்தன. திருத்திய இருவருமே பூஜ்யம் போட்டு ஒத்துப்போனதால் அவரிடம் வராமலே போனவை அவை. எட்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிய அந்த நல்ல மனிதர், முன்னுரையில் பெயர் தெரியாத ஏழு மாணவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.