மெட்டி நிறுத்திய திருகு

எங்கள் பட்டாலியனில் கமாண்டன்ட் வச்சிரவேலு பார்வையிட வந்தால் துப்பாக்கிக்கெல்லாம் காய்ச்சல் வந்துவிடும். துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றிலும், குறியை ஏற்றி இறக்கும் திருகைச் சரக் சரக்கென்று மேலே ஏற்றிச் சுற்றிவிட்டு, "ம்ம், நல்லாச் சுத்துது" என்பார். நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்த குறி அத்தோடு போச்சு. ஒவ்வொரு சுற்றிலும் திருகில் பூஜ்யம் தெரியும். அதில் நாங்கள் குறி வைத்தது எத்தனையாவது சுற்றின் பூஜ்யம் என்று யாருக்குத் தெரியும்?

துப்பாக்கி சுடும் போட்டியன்றும் எல்லாவற்றையும் சுற்றினார். "சோதனைக் குண்டு கிடையாது. முதல் குண்டே நடுவுல விழணும்" என்றார். ஆண்கள் சுட்டதெல்லாம் இலக்கைத் தாண்டி மண்மேட்டில் புதைந்தது.

அடுத்து கான்ஸ்டபிள் பூவிழி வந்தாள். "நீ என்னம்மா, கோலம் போட வந்தியா?" என்று கமாண்டன்ட் சிரித்தார்.

பூவிழி திருகைக் கீழே இறக்கிச் சுற்றினாள். ஓரிடத்தில் டக்கென்று முட்டி நின்றது. சுட்டாள். நடுப்புள்ளியில் ஓட்டை.

"அதெப்படி அங்கேயே நின்னுது? உள்ளே என்ன வச்சிருக்கே?"

திருகைக் கழற்றிக் காட்டினாள். அடியில், அளவு பார்த்துக் கல்லில் தேய்த்த வெள்ளி மெட்டி. அவள் வைத்த குறியில் திருகு அதில் முட்டும்; அதைத் தாண்டி இறங்காது.

"யூனிஃபார்ம்ல மெட்டி கூடாது, கழட்டுன்னு சொன்னீங்களே ஐயா, கழட்டிட்டேன். கால்ல கிடந்தவரைக்கும் அது எனக்குக் காவல். இப்போ உங்க கையிலேருந்து என் துப்பாக்கிக்குக் காவல்."

அன்று சாயங்காலமே ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மெட்டி கேட்டார்கள். கமாண்டன்ட்டும் கேட்டாராம். அவர் சம்சாரம் தரவில்லையாம்.