வேனுக்குள்ளே ஒரு படி பொரி

ஒரு ஊர்ல ஒரு ராட்டினக்காரர் இருந்தாராம். பேரு வெள்ளத்துரை. அவருக்கு வீடே ஒரு வேன்தான். உள்ளே கட்டில், அடுப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் இருக்கும். பின்னாடி ராட்டினத்தைக் கட்டி இழுத்துக்கிட்டு, பொண்டாட்டி இருளாயியோட ஊர் ஊராத் திருவிழாவுக்குப் போவார்.

"ம், தாத்தா."

மழைக்காலத்துல ராட்டினம் யார் ஏறுவா? அதனால ஆயுத பூசை முடிஞ்சதும், வேனை மச்சினன் சீனிச்சாமி கொட்டகையில நிறுத்திடுவார். தை வரைக்கும் அவன் வீட்டுலதான் சாப்பாடு. ஆனா அவனோட பேச்சு கிடையாது. ஏன்னா, இவர் கல்யாணப் பந்தியில அவன்தான் பரிமாறினான். எல்லாருக்கும் அப்பளம் வச்சான், மாப்பிள்ளை இலைக்கு மட்டும் வைக்கலை. பதினோரு வருஷம் ஆச்சு. ஆறுமா? எனக்கே ஆறலை.

அந்த வருஷம் பூசைக்கு வேனுக்குள்ளே ஒரு படி பொரியும் கடலையும் படைச்சாங்க. கொட்டகைக்கு வந்தப்பவும் அது அப்படியே உள்ளே இருந்துச்சு.

"மச்சான், பொரியை எடுத்துடுங்க. எலி வரும்"னான் சீனிச்சாமி.

வெள்ளத்துரை பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அப்பளம் வைக்கத் தெரியாதவன், பொரியை எடுக்கச் சொல்றான்!" பொரியோட கதவைச் சாத்திட்டார்.

அப்புறம் மழை வந்துச்சு, சோ...ன்னு. கொட்டகை ஒழுகலை. அப்புறம் காத்து வந்துச்சு, ஊய்...ன்னு. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருந்தார், வேன் அசையலை. அப்புறம் எலி வந்துச்சு. கரக் முரக், கரக் முரக். பொரி தீர்ந்துச்சு. கடலை தீர்ந்துச்சு. அப்போ வேற என்னத்தைத் தின்னும்?

"கட்டிலையா, தாத்தா?"

ஒயரை, கண்ணு.

தை பொறந்துச்சு. மறுநாள் மலையடிவாரத்துல தேர். வருஷத்துலயே பெரிய கூட்டம் அங்கேதான். அதை விட்டா அடுப்பு எரியாது. வெள்ளத்துரை சாவியைத் திருகினார். டிக். மறுபடி திருகினார். டிக். மூணாந்தடவை டிக் கூட இல்லை.

"வாயைத் திறந்து என் தம்பியைக் கூப்பிடுங்களேன்"னா இருளாயி.

அவர் சுவத்தைப் பார்த்துக் கேட்டார்: "இங்கே யாராச்சும் இருக்கீங்களா?"

சீனிச்சாமி பின்னாடிதான் நின்னான். தன்னோட டிராக்டர்ல இருந்த ஒயரை உருவினான். வேனுக்கு அடியில படுத்தான். பொழுது சாயறதுக்குள்ள... டுர்ர்ர்ர்!

"ம்..."

கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தாங்க. அப்போ வெள்ளத்துரை எழுந்திருச்சு, ஒரு அப்பளத்தை எடுத்துக்கிட்டு மச்சினன் இலைகிட்ட வந்தார். நின்னார். யோசிச்சார். படக்! ரெண்டா ஒடிச்சுப் பாதியை வச்சார்.

"மீதி எங்கே மச்சான்?"

"அடுத்த ஐப்பசிக்கு இங்கேதானே வருவேன், பார்க்கலாம்டா."

பதினோரு வருஷத்துல அவன் மூஞ்சியைப் பார்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பாதி..."

அதை அவரே தின்னுட்டார். வேன் தேருக்குப் போயாச்சு, கதை கொட்டகைக்கு வந்தாச்சு. கண்ணை மூடு.