கரியில் பிறந்த நீலம்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலம் அது. அப்போது மயிலாடும்பாறை என்றொரு ராஜ்ஜியம். அங்கே ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். புளியங்கொட்டையை வழவழவென்று தேய்த்து, அதன்மேல் யானை, அம்பாரி, ஊர்வலம் எல்லாம் வரைந்துவிடுவாள். சுவர் நிறைய யானை வரைய ஆயிரம் பேர் வருவார்கள். கொட்டைமேல் வரையச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

அந்த ஊருக்குச் சாயமுண்டான் என்று ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். எந்த நிறத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது அவன் வாய்க்குள் போய்விடும். "பச்சையே வா" என்றான், வயல் வெளுத்தது. "மஞ்சளே வா" என்றான், மாம்பழம் வெளுத்தது. "நீலமே வா" என்றான், வானம் வடித்த கஞ்சியாகிவிட்டது. காவி, சுண்ணாம்பு, அடுப்புக்கரி மூன்றையும் மட்டும் விட்டுவைத்தான். அதெல்லாம் ஒரு நிறமா என்று அவனுக்கு இளக்காரம்.

ஆவுடையின் தங்கை சிட்டு, அவன் தொப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வாய்த்துடுக்கு, வேறென்ன. "இவள் நிறமே வா" என்றான் பாவி. சிட்டு கண்ணாடியாய்ப் போனாள். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் நிறம் திரும்பாவிட்டால் காற்றோடு கரைந்துவிடுவாள். ஆவுடைக்குப் பெற்ற வயிறாகப் பற்றி எரிந்தது.

அரண்மனை மயில் தத்தித் தத்தி அவளிடம் வந்தது. அதற்கும் துளி நிறம் இல்லை.

"ஆவுடை, ஒரு நிறத்தை அவன் மூணு தரம் கூப்பிட்டும் வராம போச்சுன்னா, முழுங்கினதையெல்லாம் கக்கிடுவான். ஆனா அவனுக்கு வராத நிறம் எங்க இருக்கு?"

ஆவுடை ஒரு புளியங்கொட்டையைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, "அசையாம நில்லு. உன்னை வரையப் போறேன்" என்றாள்.

"என்கிட்ட நிறமே இல்லையே."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

முதல் நாள் கொட்டையைத் தேய்த்தாள். இரண்டாம் நாள் காவி பூசிக் காயவைத்தாள். மூன்றாம் நாள் கரியையும் சுண்ணாம்பையும் குழைத்து, அணில்வால் முடித் தூரிகையில் தொட்டாள். சுண்ணாம்பு கூடிப்போய் மயில் கொக்கானது, துடைத்தாள். கரி கூடிப்போய்க் காக்கையானது, துடைத்தாள். மூன்றாவது தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயில் கழுத்தை ஒரே கோடாய் இழுத்தாள்.

சிட்டு எட்டிப் பார்த்தாள். "அக்கா, உனக்கு ஏது நீலம்?"

"நீலம் இல்லடி, சாம்பல்தான். செக்கச் செவேல்னு காவி சுத்தி நின்னா, நடுவுல இருக்கிற சாம்பல் கண்ணுக்கு நீலமாத்தான் தெரியும். போய்த் தள்ளி உக்காரு."

பொழுது சாய இன்னும் ஒரு பனை உயரம்தான் இருந்தது. ஆவுடை கொட்டையை எடுத்துக்கொண்டு சபைக்கு நடந்தாள். மந்திரவாதி சிம்மாசனத்தில் சாய்ந்திருந்தான், ராஜா ஓரமாக நின்றார்.

"உங்க கண்ணுக்குத் தப்பின நீலம் ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்று உள்ளங்கையை விரித்தாள்.

சாயமுண்டான் குனிந்து பார்த்தான். காவி நடுவே மயில் நீலக் கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தது. அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"நீலமே வா" என்றான். வரவில்லை.

"நீலமே வா" என்று அதட்டினான். வரவில்லை.

"ஐயா, வேணாம்னா விட்டுடுங்க" என்றாள் ஆவுடை, ரொம்பப் பணிவாக.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சபை அதிர, "நீலமே வா" என்று கத்தினான். இல்லாத நீலம் எப்படி வரும்? தொப்பை புரண்டது, வாய் பிளந்தது. பச்சை வயலுக்கு ஓடியது, மஞ்சள் மாம்பழத்துக்கு ஓடியது, நீலம் வானத்துக்கும் மயிலுக்கும் ஓடியது. கடைசியில் சிட்டுவின் மாநிறம் வந்து சிட்டுவிடம் சேர்ந்தது. மந்திரவாதி காற்றுப்போன துருத்தியாய்ச் சுருங்கி, அடுப்பங்கரை வழியாக ஓடியே போனான். ஓடும்போது உடம்பெல்லாம் கரி.

ஆவுடை தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்து, நிமிர்ந்து நின்றாள்.

ராஜா நூறு கிண்ணத்தில் நூறு வர்ணம் வரவழைத்தார். "எல்லாம் உனக்குத்தான் அம்மா."

ஆவுடை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலக் கிண்ணத்தை மட்டும் எடுத்துச் சிட்டுவிடம் கொடுத்தாள். "பாவாடைக்குச் சாயம் போட்டுக்கோ."

"உனக்கு?" என்றார் ராஜா.

"என் வீட்டு அடுப்பு தினமும் எரியுது மகாராஜா" என்றாள் ஆவுடை.