கிணற்றில் கிடந்த ரிவால்வர்

நூற்பாலைகள் நிறைந்த ஒரு நகரத்தில், உலோகத்தில் சித்திரம் செதுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. லூர்துசாமி என்பவர் அதை நடத்தி வந்தார். ஒருநாள் சிவமலை என்பவர் பழந்துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இனி அது சுடாது. சுடும் ஊசியை எடுத்துவிட்டு, காட்சிக்கு வைத்துக்கொள்ள அவர் அனுமதி வாங்கியிருந்தார்.

"எங்கப்பா நாச்சிமுத்து வெச்சிருந்ததுங்க," என்றார். "துருவெல்லாம் எடுத்துப்போட்டு, பக்கவாட்டுல ஒரு காடும் பாயற சிறுத்தையும் செதுக்கித் தரோணும். அப்பா ஒரே குண்டுல அதைச் சாய்ச்சாருங்க. மக கல்யாணம் பேச சம்பந்தி வீட்டார் வர்றப்ப கூடத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கோணும்."

அவர் போனதும் லூர்துசாமி ரிவால்வரை எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரிவால்வர் செதுக்குளியிடம், "சிறுத்தையை நன்றாகப் போடு. பல் தெரியட்டும்," என்றது.

"எவ்வளவு பெரிய சிறுத்தை? சுட்ட உனக்கு நினைவிருக்குமே."

ரிவால்வரின் உருளையில் ஒட்டியிருந்த துரு சிரித்தது. "இவன் சிறுத்தையைப் பார்த்ததே இல்லை. கிணற்றுக்குள் என்னைத்தான் பார்த்தான்."

"நீ இன்றோடு ஒழிந்தாய். பேசாதே," என்றது ரிவால்வர்.

"உள்ளதைச் சொல்," என்றது உளி. "நான் போட்ட கோட்டை நானே அழிக்க முடியாது."

ரிவால்வர் தயங்கித் தயங்கிச் சொன்னது. "நாச்சிமுத்து ஒரு ஆலையின் காவல் தலைவர். ஆலை முதலாளிதான் என்னை அவருக்குக் கொடுத்தார். ஒருமுறை வேலைநிறுத்தம் நடந்தது. வாசலில் பெருங்கூட்டம். முதலாளி மாடியில் நின்று 'சுடு' என்றார். நாச்சிமுத்து என்னை நீட்டினார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய தொழிலாளி ஒருவன் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு எதிரே நின்றான். அவர் கை நடுங்கவே இல்லை. ஆனால் என்னை இறக்கிவிட்டார். ஆலைக் கிணற்றில் என்னைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அத்தோடு அவருக்கு வேலையும் போயிற்று."

"அப்புறம்?"

"சேறுதான். ஆலையை மூடிய பிறகு, கிணற்றைத் தூர்வாரியவர்கள் என்னை எடுத்து மகனிடம் கொடுத்தார்கள். சுட வேண்டிய நேரத்தில் சுடாத துப்பாக்கிக்கு என்ன மரியாதை? அந்தச் சிறுத்தையாவது இருக்கட்டும்."

"கை தள்ளுகிற பக்கம் போகிறவன் நான். போடச் சொன்னால் போடுவேன்," என்றது உளி.

வேலை தொடங்கியது. அரம் துருவைத் தேய்த்து எடுத்தது. உருளையில் ஓரிடத்தில் மட்டும் துரு ஆழமாகத் தின்றிருந்தது. பக்கவாட்டில் மரங்கள் வந்தன, பாறைகளும் புற்களும் வந்தன. சிறுத்தைக்கு மட்டும் நடுவில் இடம் விட்டிருந்தது. அந்த நிலையில் அதைப் பார்க்க, சிவமலை தன் தங்கை தெய்வானையுடன் வந்தார்.

தெய்வானை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நடுவுல ஏனுங்க சும்மா கிடக்குது?"

"அது சிறுத்தைக்குங்கம்மா," என்றார் லூர்துசாமி.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்பா ஒரு கோழிகூட அறுத்ததில்லீங்களே. எந்தச் சிறுத்தைங்கண்ணா?"

"நீ சும்மா இரு கண்ணு. முதலாளி சொல்லியும் சுடாம வேலையத் தொலைச்சவருன்னு சொல்லச் சொல்றியா? பயந்தாங்கொள்ளி மகன்னுதான் பள்ளிக்கூடத்துல என்னையக் கூப்பிட்டாங்க. படிப்பை உட்டுப்போட்டு லாரிக்குப் போனவன் நான்."

"தெரியுங்கண்ணா. அதே ஊட்டுலதான் நானும் பட்டினி கிடந்தேன்." அவள் குரல் தணிந்தது. "அன்னைக்குச் சட்டையத் திறந்துட்டு நின்னவரு எங்க மாமனாருங்க. அவங்க ஊட்டுல அப்ப எல்லாமே சின்னக் குழந்தைங்க. நம்மளைச் சீந்த ஆளில்லாதப்ப அவருதான் தேடி வந்து பையனுக்கு எனையப் பொண்ணு கேட்டாரு. ஏன் வந்தாருன்னு நீங்க ஒருநாளும் கேட்கலை. உங்களுக்கு அந்தப் பேச்சே ஆகாதுன்னு நானும் சொல்லலை."

சிவமலை அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு ரிவால்வரை எடுத்து, துரு தின்ற குழியைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது போகாதுங்களா?"

"அரத்தால ராவினா உருளை மெலிஞ்சுடும். மேல ஒரு பூங்கொடி செதுக்கி மறைச்சுடலாம்."

"மறைக்க வேண்டாமுங்க. மேல பரவாமப் பண்ணிக் குடுத்தாப் போதும்."

"சிறுத்தை?"

"வேண்டாமுங்க."

லூர்துசாமி உளியைப் பெட்டியில் வைத்தார். ரிவால்வர் துருவிடம், "பரவாமல் இருப்பதானால் இருந்துகொள்," என்றது.

கல்யாணம் பேச வந்த சம்பந்தி, கண்ணாடிப் பெட்டி முன்னால் குனிந்து பார்த்தார். "காடு அருமையா இருக்குதுங்க. மிருகத்தைத்தான் காணோம். இது எதைச் சுட்டுச்சுங்க?"

"எதையும் சுடலீங்க," என்றார் சிவமலை. "ஆளைச் சுடச் சொன்னாங்க. எங்கப்பா மாட்டேன்னுட்டாருங்க."

பின்வரிசையில் இருந்த தெய்வானையின் கணவர் எழுந்து வந்து, சிவமலையின் பக்கத்தில் நின்றுகொண்டார்.