மரத்துக்குப் பின்னால் போன சிலம்பாயி

ஆற்றங்கரைக் காட்டில் குட்டி விலங்குகளுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. அதற்குத் துணையாகச் சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி வந்து சேர்ந்தாள்.

மன்றத்தின் ஏற்பாடு எளிமையானது. வளர்ந்த குட்டிகளில் ஒருவரை மற்றக் குட்டிகளே தலைவராகத் தேர்ந்தெடுக்கும். எங்கே போவது, என்ன விளையாடுவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் தலைவர் பொறுப்பு. கூடவே பெரியவர் ஒருவர் விருப்பப்பட்டுத் துணைக்கு வருவார். சம்பளம் எல்லாம் கிடையாது. யாருக்காவது காலில் முள் குத்தினால் எடுத்துவிட வேண்டும். வழியில் பாம்பு படுத்திருந்தால் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலைதான் சிலம்பாயிக்கு வரவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் தலைவியாக இருந்தவள் வேம்பு என்ற இளம் கீரி. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், கூர்மையான கண்.

“எல்லாரும் வட்டமா நில்லுங்க!” என்பாள் வேம்பு.

குட்டிகள் நகர்வதற்குள் சிலம்பாயி முதுகை ஒரு குலுக்குக் குலுக்குவாள். முட்கள் கலகலவென்று ஒலிக்கும்.

“காதுல விழலையா? வட்டம்! வட்டம்! டேய் கிட்டான், வாலைச் சுருட்டு!”

குட்டிகள் அடித்துப் பிடித்து ஓடிவந்து வட்டமாக நிற்கும். சிலம்பாயிக்குப் பெருமை தாங்காது. “பார்த்தியா வேம்பு? ஒரு குலுக்கல் போதும்!” என்பாள்.

போகப் போக, வேம்பு பேசும்போது குட்டிகள் அவளைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. கண்ணெல்லாம் சிலம்பாயியின் முதுகு மேல்தான். கலகல கேட்டால் ஓடிவரும். கேட்காவிட்டால் இருந்த இடத்தில் இருக்கும்.

கிட்டான் என்ற குரங்குக் குட்டி இதற்கு விளக்கமே வைத்திருந்தான். “வேம்பு அக்கா பேசுறது முதல் மணி. அத்தை குலுக்குறது ரெண்டாவது மணி. ரெண்டாவது மணிக்கு எழுந்தா போதும்!”

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. வேம்பு சிரிக்கவில்லை. அன்று மாலை அவள் சிலம்பாயியைத் தனியாகப் பிடித்தாள்.

“அத்தை, நான் தலைவியா, நீங்க தலைவியா?”

“இதென்னடி கேள்வி! நீதான் தலைவி!”

“அப்ப நான் சொன்னதையே நீங்க எதுக்குத் திருப்பிச் சொல்றீங்க?”

“உன் குரல் கொசு பாடுற மாதிரி இருக்கு. ஏதோ ஒத்தாசை பண்றேன். அதுவும் குத்தமா?”

“பேசாம நீங்களே தலைவியா இருந்துக்கோங்க!”

“சேச்சே! எனக்கெதுக்குப் பதவி!”

சிலம்பாயி பொய் சொல்லவில்லை. பதவி மேல் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இல்லை. வேலை சரியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். தான் தலையிட்டால்தான் அது சரியாக நடக்கும் என்பதில் மட்டும் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஒருநாள் மன்றம் நாவல் பழம் தின்ன அக்கரைக்குப் போனது. ஆற்றின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். அக்கரையில் மணல்திட்டு, அதற்குப் பின்னால் உயரமான பாறை. குட்டிகள் நாக்கு நீலமாகும்வரை தின்றன. விதைகளை ஒருவர் மேல் ஒருவர் துப்பி விளையாடின. பிறகு திரும்புவதற்காக மணல்திட்டில் வந்து நின்றன.

வேம்பு ஆற்றைப் பார்த்தாள். தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாகியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன.

“மலையில மழை பெய்யுது. யாரும் மரத்துல ஏறாதீங்க! பாறை மேல ஏறிக் காத்திருப்போம்!” என்றாள்.

“தண்ணி கொஞ்சம் கலங்கினதுக்கா இந்தக் கலவரம்?” என்றாள் சிலம்பாயி. “நான் முதல்ல போய்ப் பார்க்குறேன். அந்தக் கரையில நின்னு குலுக்குவேன். கேட்டதும் ஒவ்வொருத்தரா வாங்க!”

“அத்தை, வேண்டாம்!”

சிலம்பாயி அதற்குள் பாதி மரத்தைத் தாண்டியிருந்தாள். அவள் இக்கரையில் கால் வைத்தாள். அதே நேரம் வெள்ளம் பேரிரைச்சலோடு வந்தது. மரம் ஒரு முறை புரண்டது. அடுத்த நொடி அதைக் காணோம்.

சிலம்பாயி திரும்பிப் பார்த்தாள். மணல்திட்டின் ஓரத்தைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது. திட்டின் நடுவில் குட்டிகள். வேம்பு பாறையைக் காட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். ஒரு குட்டிகூட அவளைப் பார்க்கவில்லை.

“மேல ஏறுங்க! பாறை மேல ஏறுங்க!” என்று சிலம்பாயி தொண்டை கிழியக் கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பயம் வந்தால் முள்ளம்பன்றிக்கு முள் தானாக நிமிர்ந்துகொள்ளும். சிலம்பாயிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. முட்கள் கலகலவென்று ஒலித்தன. அந்த ஓசை மட்டும் ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

குட்டிகள் அவளை நோக்கி ஓடிவந்தன! தண்ணீரை நோக்கி!

“ஐயோ, வராதீங்க!” அவள் துள்ளினாள். துள்ளத் துள்ளக் கலகல அதிகமானது. கிட்டான் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டான். வேம்பு அவன் வாலைப் பல்லால் கவ்வி இழுத்தாள். அவனோ திமிறிக்கொண்டு, சிலம்பாயியின் முதுகை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினான்.

சிலம்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘நான்தான் கூப்பிடுறேன். நான்தான் இதுங்களைத் தண்ணிக்குள்ள கூப்பிடுறேன்!’

முட்களை அடக்கப் பார்த்தாள். குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பயம் போகாது. பயம் போகும்வரை முள் படியாது. பார்க்காமல் இருந்தால்தான் உண்டு.

பக்கத்தில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. சிலம்பாயி அதன் பின்னால் போனாள். முட்கள் அசைய முடியாதபடி முதுகை மரத்தோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான். ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லிக் கால் கெஞ்சியது. குலுக்கச் சொல்லி முதுகு கெஞ்சியது. அவள் அசையவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தாள். மணல்திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்தது. குட்டிகளைக் காணோம்!

மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

பாறையின் உச்சியில் குட்டிகள் நெருக்கியடித்து நின்றன. எல்லாருடைய கண்ணும் வேம்பு மேல் இருந்தது. அவள் கையைக் காட்டிய பக்கம் உட்கார்ந்தன. நகரச் சொன்னால் நகர்ந்தன.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும், வேம்பு ஆழமில்லாத இடமாகப் பார்த்து எல்லாரையும் இக்கரைக்கு அழைத்து வந்தாள். கிட்டான் வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றான்.

“என்ன அத்தை இது! எங்களை அம்போன்னு விட்டுட்டு எங்க போனீங்க? குலுக்கலையும் காணோம், உங்களையும் காணோம்! வேற வழியில்லாமதான் வேம்பு அக்கா பேச்சைக் கேட்டோம்!”

“அதுக்குத்தான்டா போனேன்!” என்றாள் சிலம்பாயி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வேம்பு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “அடுத்த தடவையும் துணைக்கு வருவீங்கல்ல அத்தை?”

“நீ கூப்பிட்டா வரேன்” என்றாள் சிலம்பாயி. “எங்க நிக்கணும்னு மட்டும் நீயே சொல்லிடு!”

இளையவரிடம் தலைமையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் தலைமை தாங்குவதற்கு இடம் விட்டு நாம் விலகியும் நிற்க வேண்டும்.