தவசிக்கண்ணு விதிப்படி தேனீ வளர்த்தது

சத்தியம், சத்தியம், மூன்று முறை சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

அரைக்கிணத்துப்பட்டி என்று ஓர் ஊர். கிணறு வெட்டினார்கள், வெட்டிய மண்ணைக் கொட்ட இடமில்லாமல் பாதியைக் கிணற்றுக்குள்ளேயே கொட்டினார்கள். அதனால் அந்தப் பெயர்.

அந்த ஊர்த் தவசிக்கண்ணுவின் மனைவி மொக்கத்தாய் கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தாள். தங்கச்சி பிரசவத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "பெட்டிக்கு ஒண்ணு ஆச்சு, நான் அங்கேயே இருந்துக்குவேன். சோறு நீங்களே பொங்கிக்கங்க."

தவசிக்கண்ணு வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும்.

அவள் பஸ் ஏறிய மறுநாளே ஊராட்சிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டில் தேனீ வளர்ப்பவர்கள் நாலு பக்கத்து அண்டை வீட்டாரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். தேனீக்கு வீட்டிலேயே தண்ணீர் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். விதி தவறினால் பெட்டி பறிமுதல்.

தவசிக்கண்ணு அப்போதே அண்டை வீடுகளுக்குக் கிளம்பினான்.

கிழக்கு வீடு மச்சான் ஒச்சப்பன், தெற்கு வீடு சித்தப்பா வீரணன். இருவரும் எதற்கென்று கேட்காமலே சம்மதித்தார்கள். வடக்கே சுடுகாடு. மேற்கே சடையாண்டி, அவருக்கு ஈ பறந்தாலே ஆகாது.

மூவரும் முதலில் சுடுகாட்டுக்குப் போனார்கள். தவசிக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயாமாரே, கொல்லையில தேனீ வளர்க்கிறோம். உங்களுக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டான்.

பதில் இல்லை.

"மௌனம் சம்மதம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க மாப்ள" என்றான் ஒச்சப்பன்.

"அந்தப் பெரியவங்களே இங்கதானப்பா கெடக்காங்க" என்றார் வீரணன். "சொன்னவங்களே சம்மதிச்சிட்டாங்க. எழுதிக்க."

சடையாண்டி மௌனமாக இருக்கிற ஆளில்லை. "முடியாதுடா! செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்!"

"செத்தா சம்மதிச்சுத்தான் ஆகணும்ணே" என்றான் தவசிக்கண்ணு பணிவாக. "இப்பத்தான் அங்கயிருந்து வர்றோம்."

அவர் வாய் ஓயட்டும் என்று மூவரும் எதிரே குந்திக் காத்திருந்தார்கள். நடுவில் ஒருமுறை இருமினார்.

"இருமல் பேச்சா, மௌனமா?" என்றான் ஒச்சப்பன்.

"அது தொண்டை பேசுறது. செல்லாது" என்றார் வீரணன்.

திட்டித் திட்டி நாக்கு வறண்டுபோய், சடையாண்டி கரும்புச்சாற்றை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். அதில் மொக்கத்தாயின் தேனீ ஒன்று அவருக்கு முன்பே குடித்துக்கொண்டிருந்தது. உதட்டில் போட்டது ஒரு போடு. உதடு ஆப்பமாய் உப்பிவிட்டது. "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று குதித்தார்.

தவசிக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சும்மா இருந்தாலே போதும். இவரு 'ம்' வேற கொட்டுறாரே! துள்ளித் துள்ளியில்ல சம்மதிக்கிறாரு, நல்ல மனுசன்!"

வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணப் பாத்திரக்காரனிடம் முந்நூறு டம்ளர் வாங்கிவந்து, கொல்லையில் பாய் விரித்து, தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தார்கள். ஒரு தேனீயும் எட்டிப் பார்க்கவில்லை.

"அழைக்காத பந்தியில யாருப்பா வந்து உக்காருவா? ரோஷமுள்ள ஜீவன்" என்றார் வீரணன்.

உடனே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் தயார். தவசிக்கண்ணு பெட்டியின் மூடியைத் தட்டினான். "ராணியம்மா, குடும்பத்தோட வந்துரணும்!" சத்தமில்லை. அசந்து தூங்குகிறார்கள்போல என்று பெட்டியைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினான்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கத்தினார். "பேரு எங்கய்யா? தேனீ எதுல இருக்கோ, அதுமேல வளர்க்கிறவன் பேரு எழுதியிருக்கணும்! இல்லேன்னா இப்பவே தூக்கிருவேன்!"

ராணியம்மா குடும்பத்தோடு வந்துவிட்டாள். வந்தவள் பந்திக்குப் போகாமல் நேரே அதிகாரியின் தாடையில் உட்கார்ந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அவருக்கு இடுப்புவரை தேனீத் தாடி. மனிதர் மரமாய் நின்றார்.

"பெட்டியிலயா எழுதணும்?" என்றான் ஒச்சப்பன்.

"தேனீ எதுல இருக்கோ அதுலன்னு அவரு வாயாலயே சொன்னாருல்ல?" என்றான் தவசிக்கண்ணு.

வீரணன் காவிச் சட்டியைக் கொண்டுவந்தார். அதிகாரியின் முதுகில் அழகாக எழுதினார்கள்: தவசிக்கண்ணு, வடக்குத் தெரு.

தங்கச்சிக்கு மகன் பிறந்த சேதியோடு மொக்கத்தாய் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். பார்த்தாள். ராணியை இரண்டு விரலால் எடுத்துப் பெட்டிக்குள் விட்டாள். குடும்பம் பின்னாலேயே போயிற்று. அதிகாரி எடுத்தார் ஓட்டம்.

"ஐயோ, அனுமதி குடுக்காம ஓடுறாரே!" தவசிக்கண்ணு தலையில் கைவைத்தான். "பெட்டி போச்சே!"

வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. தெருக்காரர்கள் அதிகாரியைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தார்கள். "தவசி, உன் பேரு போட்டிருக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரிஞ்சுக்கிட்டிருந்துச்சு." இறக்கிவிட்டதும் மறுபடி ஓடினார். மேலத்தெருக்காரர்கள் பிடித்து வந்தார்கள். மூன்றாம் தடவை தூக்கி வந்தபோது, அவரே தாளை எடுத்து அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, "என்னை விட்டுருங்கய்யா!" என்று அலறினார்.

பெட்டி பிழைத்தது. மொக்கத்தாய் அடுப்பு மூட்டப் போனாள்.

அலறலைக் கேட்டதும், தூக்கி வந்தவர்கள் நாலடி பின்வாங்கினார்கள். "ஏப்பா தவசி, இது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

தவசிக்கண்ணு அதிகாரியின் முதுகைத் தடவிக்கொடுத்தான். "பயப்படாதீங்கப்பா. இது கொட்டாத ரகம். கொஞ்சம் சத்தம் போடும், அப்புறம் கையெழுத்துப் போடும்."

கேட்டாயிற்றல்லவா? சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நான் இந்தப் பக்கம் வரவே இல்லை.